ஓமன் மணல்

கலீம் ஓமனுக்கென்று கிளம்பிப் போய் மூன்று வாரமாகியிருந்தது. திருச்சி வீட்டில் நோன்புக் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு, கணவனோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள் சுராயா.

"அந்த நாடு எப்படிங்க இருக்கு? கண்ண மூடிக்கிறேன், சொல்லுங்க."

"கண்ணுக்கெட்டுன தூரம் மணல்தான் சுராயா. காத்தடிச்சா அலை அலையா நகரும். வருசம் பூரா ஓடுற ஆறே கிடையாது."

"நமக்கு ஊரச் சுத்தி ரெண்டு ஆறு!"

"மலையெல்லாம் ஒரு செடி இல்லாம மொட்டையா நிக்கும். சாயங்காலமானா ரோஜா நிறமாயிடும். மழை ரெண்டு நாள் பேஞ்சாலே அதிசயம்."

சுராயா அந்த மணலில் செருப்பில்லாமல் அவனோடு நடந்துகொண்டிருந்தாள்.

"அங்க நோன்பு தொறக்க நேரமாச்சா?"

"இங்க பொழுது சாய இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகும். நீ தொற."

தெருமுனைப் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. போனுக்குள்ளும், எங்கோ தூரத்தில், ஒரு பாங்கு.

"பிஸ்மில்லாஹ்" என்றான் கலீம், பழக்கத்தில். பேரீச்சம்பழத்தை மெல்லும் சத்தம் கேட்டது. சட்டென்று அது நின்றது.

சுராயா கண்ணைத் திறந்தாள்.

"எங்கங்க இருக்கீங்க?"

"ஸ்ரீரங்கத்துல... கொள்ளிடத்து மணல்ல. ஏஜெண்ட் சென்னையிலேயே விட்டுட்டு ஓடிட்டான். எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வீட்டுக்கு வர்றது?"

அவள் இன்னொரு கிண்ணத்தில் கஞ்சியை ஊற்றித் தட்டால் மூடினாள்.

"ஒரே பஸ்தானே. கஞ்சி ஆறுறதுக்குள்ள வந்துடுங்க."