முறைப்பின் இருப்பிடம்

முறைப்பது கண்ணின் வேலை என்று மனித குலம் நெடுங்காலமாக நம்பிவருகிறது. மன்னிக்கவும், இதைத் திருத்தியே ஆக வேண்டும். சில முறைப்புகள் கழுத்தில் இருக்கின்றன.

இது தெரியாமல்தான் மூன்று பேர் ஸ்கேன் அறைக்குள் வந்தார்கள்: கணவர், மனைவி, அதே வீட்டில் இருக்கும் கணவரின் தங்கை.

"டாக்டர், அண்ணி என்னை முறைச்சுக்கிட்டே இருக்காங்க," என்றாள் தங்கை, வந்ததும் வராததுமாக.

ஸ்கேன் டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதுக்கு இங்க மெஷின் இல்லையேம்மா."

"பாருங்க டாக்டர், மானத்தை வாங்கறா," என்றார் கணவர். "என் மனைவி தையல் வேலை செய்றவங்க, கண்ணு அசந்திருக்கும். தைராய்டு ரத்தப் பரிசோதனைகூட சரியா வந்திருக்கு. இவ விடாம நச்சரிச்சதால, எதுக்கும் கழுத்தை ஸ்கேன் பண்ணிப் பார்த்துடலாம்னு எங்க டாக்டர் எழுதிட்டாங்க."

படுக்கையில் கழுத்தை நிமிர்த்திப் படுத்த மனைவி சொன்னார்: "என் கழுத்தை நீட்ட வைக்கணும்னு இவளுக்கு ரொம்ப நாளா ஆசை டாக்டர்."

"பேசாம படுங்க அண்ணி, படம் கலைஞ்சிடும்."

டாக்டர் ஜெல் தடவினார். கருவியை வைத்து ஒரு பொத்தானை அழுத்தினார்.

கறுப்பு வெள்ளையாக இருந்த திரை சட்டென்று பற்றிக்கொண்டது. தொண்டைக்குழிக்கு மேல் சிறகு விரித்திருந்த அந்தச் சின்னத் தைராய்டு சுரப்பி முழுக்கச் சிவப்பும் நீலமும். ஒவ்வொரு துடிப்புக்கும் கொழுந்துவிட்டது, தணிந்தது, மறுபடி கொழுந்துவிட்டது. இரண்டு விரல் அகலத்துக்குள் அத்தனை பெரிய தீ.



"தெரியறதெல்லாம் ரத்த ஓட்டம்," என்றார் டாக்டர் மெதுவாக. "சுரக்கிறது இன்னும் சரியாத்தான் சுரக்குது, அதான் ரத்தத்துல ஒண்ணும் தெரியல. ஆனா உடம்பே இதோட சண்டை போட்டுக்கிட்டிருக்கு. அதே சண்டைதான் கண்ணுக்குப் பின்னாலயும். அங்க தசை வீங்கி கண்ணை வெளியே தள்ளுது. அப்படியே விட்டிருந்தா பார்வை நரம்பு நசுங்கியிருக்கலாம். இப்பவே கண் டாக்டரைப் பாருங்க. நல்லவேளை, நீங்க கவனிச்சீங்க சார்."

கணவர் தரையைப் பார்த்தார்.

"அண்ணனா?" என்றாள் தங்கை. "அண்ணன் பார்க்கிறதெல்லாம் அண்ணி கையில இருக்கிற காபியைத்தான். அண்ணி முகத்தைப் பார்த்து தினம் சண்டை போடுறது நான் ஒருத்திதான் டாக்டர். அவங்க முறைப்பு எனக்கு அத்துப்படி. கோபம்னா முதல்ல இடது புருவம் ஏறும், அப்புறம்தான் கண்ணு விரியும். போன மாசத்துலேருந்து கண்ணு மட்டும் விரியுது, புருவம் அசையவே இல்ல. கோபமே இல்லாம அண்ணி என்னை எப்படி முறைப்பாங்க? பயந்துட்டேன்."

டாக்டர் திரையை விட்டுவிட்டு அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கண் டாக்டரின் அறைக்குப் போகும் வழியில், மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்த கணவர் கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டார்.