மரங்கொத்தி எழுதிய நாலு வரி

ஒரு மரங்கொத்தி தன்னை எழுத்தாளர் என்று காடு முழுக்கச் சொல்லிக்கொண்டது. அதுவரை மரங்களில் அது கொத்தியிருந்தது தன் பெயரை மட்டும்தான்.

ஒருநாள் ஒரு பெண்மான் வந்து நின்றது. "வெள்ளத்தில் என் குட்டி போய்விட்டான், ஐயா. அவன் முகம் எனக்கு மறந்துகொண்டே வருகிறது. அவனைப் பற்றி நாலு வரி எழுதித் தருவீர்களா?"

மரங்கொத்திக்கு வெட்கமாக இருந்தது. "அவன் எப்படி நடப்பான், அம்மா?" என்றது. பொழுது சாயும்வரை மான் சொல்லச் சொல்லக் கேட்டது. பிறகு மூன்று நாள் கொத்தி எழுதி, மானை அழைத்துப் படித்துக் காட்டியது.

கண்ணை மூடிக் கேட்ட மான் திடுக்கிட்டது. "ஆமாம், தண்ணீர் குடிக்கும் முன் இடது காதை ஆட்டுவான். அதை நான் சொல்லவே இல்லையே! உங்களுக்கு எப்படித் தெரிந்தது?"

"எனக்குத் தெரியாது, அம்மா," என்றது மரங்கொத்தி. "எழுதும்போது ஆட்டினான்."