காலை நேர அதட்டல்

"யோவ், பிரஷர் மாத்திரை போட்டியா, இல்லையா? நீ விழுந்தா யாரு தூக்குறது?"

தையற்காரர் பதறிப்போய் மெஷினை நிறுத்திவிட்டு மாத்திரையை விழுங்கினார். "போட்டுட்டேன் தாயே, ஆளை விடு!"

அப்போதுதான் தண்ணீர்க் குடத்தோடு உள்ளே வந்த மனைவி சிரித்தாள். "நான் இன்னும் வாயே திறக்கலையே!" என்று அவருடைய போனைக் காட்டினாள்.

மாத்திரை போடச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து தினமும் போனில் வந்த தேன்குரலைத் தெருவில் ஒருவரும் சட்டை செய்யவில்லை. அதனால் நர்சம்மா இவள் குரலைப் பதிவு செய்து எல்லாருக்கும் அனுப்பிவிட்டார்.

பக்கத்து வீட்டிலும் அதே அதட்டல் கேட்டது. "போட்டுட்டேன்க்கா!" என்று அலறினார் பெயின்டர்.

தையற்காரருக்கு ஒரே குஷி. "இத்தனை வருஷமா நான் ஒருத்தனே வாங்கிக் கட்டிக்கிட்டேன். இன்னைக்குத்தான் தெருவே பங்குக்கு வந்திருக்கு!"