கறுவலின் கழுத்தில் ஒரு துணி

வரம்புக்கு அப்பால் கதிர் அசைந்தது. காற்று இல்லை.

கந்தப்போடி காவல் பரணில் இருந்தபடியே துவக்கைத் தோளில் வைத்தான்.

இடுப்பளவு நெல்லுக்குள் கறுப்பாக ஒரு முதுகு. குனிந்து எதையோ கிளறுவது போலிருந்தது. பன்றியேதான். விளைந்த கதிரை உழக்கி நாசமாக்கிய சனியன்.

விசையில் வைத்த விரலைச் சட்டென்று எடுத்துக்கொண்டான்.

நேற்றும் இதே இருள் கவிகிற மைம்மல் பொழுதில் இப்படித்தான் குறி பார்த்தான். சுடப் போகிற நேரம் பன்றி வாலை ஆட்டியது. பார்த்தால் கறுவல்! வீட்டு நாய். அவன் துவக்கைக் கீழே வைத்துவிட்டான்.

இதற்காகத்தான் வட்டை வயல்வெளியில் காவல் இருக்கிற யாரும் கறுப்பு நாயைக் கையால் தொடுவதில்லை. பக்கத்து வயல் ஆதம்பாவாவின் காவல் நாய் குட்டி போட்டபோது செவலையும் வெள்ளையும் புள்ளியும் கண் திறக்க முன்பே கேட்டவர் கைக்குப் போய்விட்டன. கறுப்பு மட்டும் வைக்கோலில் கிடந்து கத்தியது. பொழுது பட்டால் துவக்குக்கு நாயும் ஒன்றுதான், பன்றியும் ஒன்றுதான். சாகப் போகிற குட்டிக்கு யார் சோறு போடுவது?

அதை மடியில் கட்டிக்கொண்டு வந்தவள் அவன் பெண்சாதி தங்கப்பிள்ளை.

"நானும் கறுப்புத்தானே மச்சான். என்னைக் கட்டினீங்கதானே?"

அன்றைக்கு அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பில்தான் நாய் வீட்டில் தங்கியது. பின்னேரத்தில் அவள் சுடுசோற்றுச் சட்டியைத் துணியில் கட்டிக்கொண்டு வட்டைக்கு வருவாள். கறுவல் அவளுக்கு முன்னால் ஓடி வரும்.

இன்று விடிந்ததும் சண்டை.

"அந்த நாயத் தோணியில ஏத்தி வாவிக்கு அங்கால விட்டுப்போட்டு வா. இல்லாட்டி என்ட கையாலதான் அதுக்குச் சாவு."

"நாய் போனா உங்களுக்குச் சோறும் இல்ல. இனி உங்களோட நான் வாய் திறந்தாக் கேளுங்க!"

தங்கப்பிள்ளை சொன்னால் சொன்னதுதான். பின்னேரமாகியும் சோறு வரவில்லை. வயிறு காந்தியது. அதைவிட, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனதுதான் அவனை வாட்டியது.

போர்க் காலம் வேறு. மண்ணெண்ணெய் இல்லாமல் லாந்தர் சும்மா தொங்கியது. தோட்டாவும் கடைசித் தோட்டா. வீணாக்க முடியாது.

அவன் காதைக் கொடுத்துக் கேட்டான். பொழுது பட்டபின் வட்டைக்குள் இறங்குகிற எவரும் கூவாமல் வரமாட்டார்கள். பரணில் துவக்கு இருக்கிறது என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். தங்கப்பிள்ளை கூவினால் வாவிக்கரை வரைக்கும் கேட்கும்.

எந்தக் கூவலும் இல்லை. தவளைகள்தான் கத்தின.

பரணுக்குக் கீழே ஏதோ முனகியது. எட்டிப் பார்த்தான்.

கறுவல் நின்றது. அதன் கழுத்தில் ஒரு வெள்ளைத் துணி, அந்த மங்கலிலும் பளிச்சென்று தெரிந்தது.

அட, கெட்டிக்காரி! இவ்வளவு லேசான காரியம் நம் மண்டையில் ஏறவில்லையே. துணியைக் கண்டால் யார் சுடுவான்? கந்தப்போடிக்குக் கோபமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டில் அவள் கட்டிப்போட்ட கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடி வந்திருக்கிறது கள்ள நாய். விடிந்ததும் வீட்டுக்குப் போய் அவளைச் சமாதானப்படுத்த வேண்டும். காலில் விழச் சொன்னாலும் விழலாம்.

கதிர் மறுபடி அசைந்தது. கறுப்பு முதுகு வரம்பை நோக்கி மெல்ல வந்தது.

நாய் இங்கே நிற்கிறது. அப்படியென்றால் அது பன்றிதான். இனி என்ன சந்தேகம்?

சுட்டான்.

கதிர் ஒரு தரம் பலமாக ஆடி அடங்கியது.

அடிபட்ட பன்றி ஊரைக் கூட்டும். இது கத்தவில்லை. வெடி கேட்டால் முதல் ஆளாகப் பாய்கிற கறுவலும் பாயவில்லை. பரண் காலைச் சுற்றிச் சுற்றி வந்து ஊளையிட்டது.

"என்னடா உனக்கு?"

கீழே இறங்கி அதன் கழுத்தைத் தடவினான்.

துணி ஈரமாக இருந்தது. மீன் குழம்பு மணத்தது. முடிச்சில் சோற்றுப் பருக்கைகள் ஒட்டியிருந்தன. சூடு இன்னும் ஆறவில்லை.

கந்தப்போடி வட்டையைப் பார்த்துக் கூவினான். திரும்பவும் கூவினான்.