சாணி வீட்டுச் சம்பந்தம்

மகள் ஜெனிஃபா காதலிக்கும் பிரெஞ்சுக்காரன் லூக்கின் வீட்டிலிருந்து வெள்ளை ஒயின் வந்திருந்தது. ஆம்பூர் தோல் டேனரி முதலாளி வில்சன் ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“இனிப்பே இல்ல. இதுக்கா குடும்பமே சேர்ந்து திராட்சைத் தோட்டம் போடுது?”

“பயோடைனமிக் தோட்டம்ப்பா. மாட்டுக் கொம்புல சாணியை அடைச்சு மண்ணுல பொதைப்பாங்க. அதான் உரம்.”

“தூ! சாணி பொதைக்கிற வீட்டுக்கா என் பொண்ணைக் குடுப்பேன்? சம்பந்தம் வேணாம்னு அவங்க அப்பன்கிட்ட இப்பவே சொல்லிடு.”

“அவரே சொல்லிட்டாருப்பா. ஊரையே நாறடிச்சித் தோல் பதப்படுத்துற வீட்ல பொண்ணு எடுக்க மாட்டாராம். நம்ம மனசு நோகக் கூடாதுன்னுதான் இந்த பாட்டில்.”

வில்சன் கிளாஸை ணங்கென்று வைத்தார்.

“என் பொண்ணை வேணாம்னு சொல்ல அவன் யாரு? சர்ச்சுல தேதி கேளு. இந்தக் கல்யாணத்தை நடத்திக் காட்டுறேன்!”