பௌர்ணமி நடை

பௌர்ணமியன்று ஆதிமூலம் மலையைச் சுற்றி முழுசாகப் பதினாலு கிலோமீட்டர் நடந்திருந்தார். அதுவும் எங்கேயும் உட்காராமல், நாலு மணி நேரத்துக்குள்.

“அப்பா, பின்னிட்டீங்க போங்க! இருபத்தோராயிரம் அடி!” கம்ப்யூட்டரைப் பார்த்துக் கவிநிலா கையே தட்டிவிட்டாள். வேங்கிக்கால் பக்கத்துத் தனியார் ஆஸ்பத்திரி அது. அங்கே புது மருந்து ஆய்வில் சேர்ந்தவர்களைக் கவனித்துக்கொள்வது அவள் வேலை.

ஆதிமூலம் சிரித்து வைத்தார். மாடிப்படி ஏறி வந்து இருபது நிமிஷம் ஆகியும் மூச்சு ஒரு நிலைக்கு வரவில்லை. ஏசி குளிருக்கு இருமல் வேறு தொண்டை வரைக்கும் வந்து நின்றது. அதை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

“குபேர லிங்கத்துகிட்ட கூட்டம் ஜாஸ்தியாப்பா?”

“அத்த ஏன் கேக்கறீங்க மேடம், நகரவே முடியல!” என்றாள் பக்கத்தில் இருந்த அவர் மனைவி ஜோதியம்மாள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

“அட, அம்மாவும் கூடவே நடந்தீங்களா? அடுத்த பௌர்ணமிக்கு நானும் வரேன். மூணு பேருமா போலாம்.”

போச்சுடா என்றிருந்தது ஆதிமூலத்துக்கு. அடி அண்ணாமலையில் வீட்டு வாசல்படி இறங்கினாலே சுவரைப் பிடித்துக்கொள்கிற ஆள் அவர். நடந்ததெல்லாம் ஜோதியம்மாள். கிரிவலத்துக்கு மட்டுமில்லை, கழனிக்கும் பால் சொசைட்டிக்கும் அடி எண்ணுவதற்கு ஆஸ்பத்திரியில் அவருக்குக் கட்டிவிட்ட வாட்ச் அவள் கையில்தான் போய் வந்துகொண்டிருந்தது.

இருபத்தைந்து வருஷம் ரைஸ்மில் தூசியில் நின்று அவர் நுரையீரல் இறுகிப் போயிருந்தது. வேறு எந்த மாத்திரையும் கேட்கவில்லை. இந்தப் புது மருந்துதான் கடைசி வழி. பாதிப் பேருக்கு அசல் மருந்து, பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரை, யாருக்கு எதுவென்று ஒட்டி வைத்த கவரில் இருக்கும், மூன்று மாசத்துக்கு யாருக்கும் தெரியாது என்று சேரும்போதே படித்துக் காட்டினார்கள். மீதிப் பக்கங்களைப் படித்தபோது, எங்கே கையெழுத்துப் போடணும் என்பதிலேயே அவர் கண்ணாக இருந்தார்.

அப்புறம் டீக்கடைக் காசி வந்து வாயை வைத்தான். “நடை ஏறலன்னா பேரை எடுத்துடுவாங்கய்யா. கொணமாகாத ஆளுக்கு எவன் சும்மா மருந்து குடுப்பான்?”

வீட்டுத் திட்டம், பென்ஷன், இலவச ஆடு என்று பட்டியலில் இருந்து பேர் காணாமல் போன கதை ஊரில் வண்டி வண்டியாக இருக்கிறது. ஆதிமூலம் அப்படியே நம்பிவிட்டார். அன்றைக்கே வாட்ச் கை மாறியது.

“ஊதிப் பாக்குற டெஸ்ட்டுல கொஞ்சம் கம்மிதான்ப்பா. ஆனா இந்த ஆய்வுல நடையை வெச்சுதான் முடிவு. இன்னிக்கோட மூணு மாசம் முடியுது, அதான் மறுபடி கேக்கறேன்” என்றாள் கவிநிலா. “நடக்க முடியலன்னா முடியலன்னே சொல்லுங்க. அப்படிச் சொன்னாலும் உங்களுக்கு நல்லதுதான்.”

இப்படித்தான் தேனொழுகப் பேசி ஆளைக் கழற்றிவிடுவார்கள் என்று நினைத்தார் ஆதிமூலம். “நல்லா... நடக்கறேம்மா” என்றார், இரண்டு மூச்சில்.

ஜோதியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. “மேடம், அந்த வாட்ச்சு விசயம்...” என்று ஆரம்பித்தாள். மேசைக்கடியில் ஆதிமூலம் அவள் காலை மிதித்தார்.

“தண்ணி பட்டா கெட்டுடுமானு கேக்கறா. வேற ஒண்ணுமில்ல” என்றார் அவசரமாக.

“அதானே! எனக்கு பக்குனு ஆயிடுச்சும்மா. போன வாரம் ஒருத்தர் வாட்ச்சை மகன் கையில கட்டி விட்டிருந்தார். தெரிஞ்ச அன்னிக்கே ஆய்வுலேர்ந்து நீக்கிட்டாங்க. அழுதார், பாவம், ஒண்ணும் பண்ண முடியல.” கவிநிலா ஒரு தாளை நகர்த்தினாள். “வாட்ச்சை நான் மட்டும்தான் கட்டியிருந்தேன்னு இதுல ஒரு கையெழுத்து போட்டுடுங்க.”

ஜோதியம்மாள் மிதிபட்ட காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியதைப் பார்க்க ஆதிமூலத்துக்குத் தைரியம் இல்லை. உண்மையைச் சொன்னால் இப்போதே வெளியே. சொல்லாவிட்டால் இந்தப் பொய்யை ஆயுசுக்கும் நடத்திக் காட்டணும். நன்றாக மாட்டிக்கொண்டோம், வேறு வழியில்லை என்று பேனாவை வாங்கினார். மருந்து கிடைத்தால் போதும், மூச்சு தானாக வந்துவிடும், அப்புறம் நிஜமாகவே நடந்துவிட்டுப் போகலாம்.

கையெழுத்து கோணலாக விழுந்தது. கவிநிலா அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கொஞ்ச நேரத்தில் டாக்டர் இளவரசன், பிரித்த கவரும் கையுமாக வேகமாக வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“கையக் குடுங்க ஐயா! கவரைப் பிரிச்சுப் பாத்துட்டு எனக்கே நம்ப முடியல. மூணு மாசமா நீங்க சாப்பிட்டது வெறும் மாவு மாத்திரை. அதுக்கே இந்த நடை நடந்திருக்கீங்க!”

ஆதிமூலத்துக்கு மெல்ல உயிர் வந்தது. மாவைத் தின்றதால்தான் இவ்வளவு நாளும் கேட்கவில்லை, இனிமேல் எல்லாம் சரியாகிவிடும். ஜோதியம்மாளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“அப்போ... நாளைலேர்ந்து... எனக்கு அசல் மருந்துங்களா சார்?”

டாக்டர் அவர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

“உங்களுக்கு எதுக்குங்க? நடக்க முடியாதவங்களுக்குத்தான் அது!”