இன்ஸ்பெக்டர் கொடுத்த நற்சான்று

போலீஸ் நிலைய அறையில் இருந்தவர்கள் மூன்று பேர்: இன்ஸ்பெக்டர் ஜெயரட்ணம், நியாலாஸ் தோட்டத்து மீனம்மா, அவள் மகள் கோமளா.

மீனம்மா விண்ணப்பத்தை மேசைமேல் வைத்தாள். "நர்ஸ் காலேஜுக்குங்க ஐயா. வாத்தியாரா இல்லாத ஒரு ஆளுகிட்ட நற்சான்று வாங்கணுமாம். இந்த வாரமே அனுப்பணும்."

"தோட்டத்துக் கணக்கு எழுதிற கிராணியிட்டைக் கேக்கலாமே?"

"இந்த அவசரகாலத்துல கையெழுத்துப் போட அவருக்குப் பயங்க."

ஜெயரட்ணம் கோமளாவைப் பார்த்தார். "உன்னைப் பற்றி நான் என்னத்தை எழுத, பிள்ளை?"

"உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க சார். போதும்."

அவர் எழுதி, வாசித்துக் காட்டினார். "நெஞ்சுரம் உள்ளவள். எவ்வளவு மிரட்டினாலும் நம்பியவரைக் காட்டிக்கொடுக்க மாட்டாள்."

முத்திரை குத்தி மீனம்மாவிடம் நீட்டினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"காட்டிலை ஒளிச்சிருக்கிற கம்யூனிஸ்ட் ஆக்களுக்கு அரிசி கொண்டுபோகச் சொன்னது ஆர், பிள்ளை? ஒரு பேர் சொல்லு. இப்பவே அம்மாவோடை வீட்டுக்குப் போகலாம்."

மீனம்மா மகளின் முகத்தையே பார்த்தாள்.

"சொன்னா, நீங்க எழுதினது பொய்யாயிடும் லா, சார்."

கோமளா எழுந்தாள். ஜெயரட்ணமும் எழுந்து நின்றார். வெள்ளைக்கார அதிகாரி வந்தால் மட்டுமே அவர் அப்படி எழுவார்.

அவள் தாயிடம் தலையசைத்துவிட்டு மறுபடியும் லாக்கப்புக்குள் போனாள். அவர் கதவைச் சாத்திப் பூட்டினார்.